கொக்கிக்குக் குறிப்பு எழுதுவது யார்? அருங்காட்சியகம், புதிய ஊடகம், வடசென்னை



யாருடைய நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை முடிந்த மாலைகளில் ராயபுரத்தில் ஒற்றை அறையில் வாசகசாலை நடத்தியவர். அவர் மறைந்த பிறகு அவருடைய மகள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி. அதன் மரக்கைப்பிடி கறுத்திருந்தது. விரல் பதியும் இடம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. கூடவே ஒரு தொழிற்சங்க உறுப்பினர் அட்டையும் சில துண்டறிக்கைகளும். “வீட்டில் வைக்க இடமில்லை. பழைய இரும்புக் கடையில் போடவும் மனசு வரவில்லை” என்றார்.

அன்று முதல் இரண்டு கேள்விகள் எங்களோடு இருக்கின்றன. இந்தக் கொக்கியை எங்கே வைப்பது? வைத்தால் பக்கத்தில் என்ன எழுதுவது? அருங்காட்சியகங்கள் இன்று தொல்பொருளைத் திரையிலும் கைபேசியிலும் மக்களிடம் கொண்டுபோகின்றன. அது எப்படி நடக்கிறது, அதில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை விளக்குவதே இந்த உரை.

ஆற்றின் இரு முனைகள்

வடசென்னையின் வரலாறு என்றாலே கம்பெனிக்காரன் வந்த 1639-இல் இருந்து தொடங்குவது வழக்கம். பிறகு 1856-இல் ராயபுரம் ரயில் நிலையம், அதன்பின் துறைமுகம், ஆலைகள் என்று கணக்கு ஓடும். ஆனால் எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசஸ்தலையாற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு அறிஞர் உலகம் ஏற்ற முதல் சான்று அது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். அங்கே சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011-இலும் 2018-இலும் வெளிவந்தன. கைக்கோடரி செய்த மனித இனம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்தது என்றது முதல் ஆய்வு. அடுத்த கட்டக் கருவி நுட்பம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தொடங்கிவிட்டது என்றது இரண்டாவது. மனித இனத்தின் பயணத்தைப் பற்றிய உலக விவாதத்தையே அசைத்த முடிவுகள் இவை.

அந்த ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி நம் எண்ணூருக்கு வருகிறது. பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. ஃபூட்டின் சேகரிப்பு 1904-இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்காக விலைக்கு வாங்கப்பட்டது. ஆற்றின் மறுமுனையில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகம் இருக்கிறது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து, படகும் வலையும் கறுத்துப்போனதை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு, தான் நிற்கும் ஆற்றின் வயது என்ன என்று யாரும் சொன்னதில்லை. ஓர் இடத்துக்கு வரலாறு இல்லை என்று ஆக்கிவிட்டால், அங்கே எதைக் கொட்டினாலும் கேட்க ஆளிருக்காது. நமக்குத் தொல்லியல் தேவைப்படுவது இதற்காகத்தான்.

திரைக்குள் வந்த பானை

கண்ணாடிப் பேழை, மங்கிய விளக்கு, ஆங்கிலத்தில் ஒற்றை வரிக் குறிப்பு, ‘தொடாதே’ என்ற பலகை. பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக நடத்தப்பட்டு நாம் பார்த்த அருங்காட்சியகம் இதுதான். கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அது மாறியிருக்கிறது.

2023 மார்ச் 5-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் முக்கியமான எடுத்துக்காட்டு. 18.42 கோடி ரூபாயில் கட்டப்பட்டது. பேழைகளோடு அசைபடங்களும் தொடுதிரைகளும் குறும்படம் காட்டும் சிறிய அரங்கும் அங்கே உண்டு. பானை எப்படி வனையப்பட்டது, கப்பல் எப்படிக் கட்டப்பட்டது என்பதையெல்லாம் படம் ஓடிக் காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேத்தியும் ஒரே திரையின் முன் நின்று பேசிக்கொள்ள முடிகிறது. அது சிறிய விஷயமல்ல. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில், தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். தாழிகளுக்கு மேலே நடந்துகொண்டே குனிந்து பார்க்கலாம்.

2025-இல் இன்னொரு செய்தி வந்தது. கீழடிக்கு அருகே கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் கணினி வழியே முகம் அமைத்துக் கொடுத்தது. அந்த முகங்கள் ஒரே நாளில் எல்லார் கைபேசிக்கும் வந்து சேர்ந்தன. ஓர் ஆய்வறிக்கையை ஆயிரம் பேர் படிப்பதே அபூர்வம். ஒரு முகத்தை லட்சக்கணக்கானோர் பார்த்துவிடுகிறார்கள்.

நுட்பம் என்ன, அதன் எல்லை என்ன

மாணவர்கள் இந்த நுட்பங்களைக் கண்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மூன்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, முப்பரிமாணப் பதிவு. ஒரு பானையைச் சுற்றி வந்து ஐம்பது, நூறு படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் பெரும்பகுதி திரும்ப வர வேண்டும். ஒரே புள்ளி வெவ்வேறு படங்களில் எங்கெங்கே விழுகிறது என்று மென்பொருள் கணக்கிட்டு, பானையின் வடிவத்தைத் திரையில் எழுப்பிவிடும். இதற்கு போட்டோகிராமெட்ரி என்று பெயர். நல்ல வெளிச்சமும் ஒரு சாதாரணக் கைபேசியும் இருந்தால் நம் பிள்ளைகளே செய்துவிடலாம். ஆனால் பளபளக்கும் பொருளும் கண்ணாடியும் இந்த முறைக்குச் சரியாக அகப்படாது. பக்கத்தில் அளவுகோல் வைக்காமல் எடுத்தால் கொக்கி சாணளவா முழ அளவா என்றே தெரியாமல் போகும்.

இரண்டாவது, தேய்ந்த எழுத்தைப் படிக்கும் முறை. கேமராவை ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் படமெடுப்பார்கள். படங்களைக் கணினியில் ஒன்றுசேர்த்த பிறகு, வெளிச்சத்தை நாம் விரும்பும் பக்கத்திலிருந்து விழவைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கீறலும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். சாய்வெயிலில் கல்வெட்டு படிப்பவர்களின் பழைய உத்திதான் இது.

மூன்றாவது, முக அமைப்பு. எலும்பின் அமைப்பை வைத்துத் தசை எங்கே படிந்திருக்கும், தாடை எவ்வளவு அகலம் என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தோலின் நிறம், முடியின் அமைப்பு, கண்ணின் நிறம் இவற்றை மண்டையோட்டின் வடிவம் சொல்லாது. அவை பிற சான்றுகளையும் இன்றைய மக்களையும் வைத்துச் செய்யும் மதிப்பீடு. திரையில் பார்க்கும்போது உறுதியானதும் மதிப்பிட்டதும் ஒரே அழுத்தத்தோடு தெரிகின்றன. எங்கே சான்று முடிந்து எங்கே ஊகம் தொடங்குகிறது என்று காட்டாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி உண்மைதான். நிறத்தை வைத்து மனிதரை அளக்கும் சமூகத்தில் இது நமக்கு நுட்பக் கேள்வி மட்டுமல்ல.

எழுதாதது தேடினால் கிடைக்காது

திரைக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், செய்பொருள், காலம், கிடைத்த இடம், அளவு, வழங்கியவர் என்று கட்டம் கட்டமாக நிரப்பி வைப்பார்கள். இதை மெட்டாடேட்டா என்கிறார்கள். விவரக்குறிப்பு என்று சொல்லலாம். இந்திய அரசின் தேசிய அருங்காட்சியகங்களுக்காக சி-டாக் உருவாக்கிய ‘ஜதன்’ மென்பொருளும் இப்படிப்பட்ட பட்டியலின் மேல்தான் நிற்கிறது. இணையத்தில் நாம் தேடுவது பொருளை அல்ல, இந்தக் கட்டங்களில் எழுதிய சொல்லை. எழுதாத சொல் எந்தத் தேடலிலும் அகப்படாது.

ஒருமுறை மாணவர்களோடு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பறை ஒன்று மாட்டியிருந்தது. ‘இசைக்கருவி. மரம், தோல்’ என்று குறிப்பு. தோலைப் பதப்படுத்தியவர், அதை அடிக்க வைக்கப்பட்டவர், அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கியவர் யாருமே அதில் இல்லை. குறிப்பில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பறையைப் பற்றிய உண்மையும் அதில் இல்லை. இதே குறிப்பை அப்படியே தொடுதிரையில் ஏற்றினால், மௌனம் இன்னும் பிரகாசமாகத் தெரியும், அவ்வளவுதான்.

மௌனம் எப்போதும் சான்று இல்லாததால் வருவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில், ஊர்நத்தத்தோடும் சுடுகாட்டோடும் பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சாகி நூறாண்டு கடந்துவிட்டது. விமானத்தின் உயரத்தைச் சொல்லும் காணொளிகள் எத்தனையோ உண்டு. அந்தச் சொல் செதுக்கிய இடத்தில் நின்று பேசும் காணொளி எத்தனை?

நம் திருவொற்றியூரில் தியாகராசர் கோயிலின் கல்வெட்டுகள் நூற்றுக்கும் மேல். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கே கருவறையைக் கல்லால் எழுப்பியவன் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. அரசன் பெயர் தெரிந்த அளவுக்கு அந்தக் கைவினைஞன் பெயர் நமக்குத் தெரியாது. கீழடியில் மண்பானை ஓட்டில் ‘குவிரன்’, ‘ஆதன்’ என்று பெயர் பொறித்திருப்பதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். சாமானியனுக்கும் எழுத்து இருந்தது என்று பெருமை கொள்கிறோம். அந்த ஓட்டை வெயிலில் குனிந்து மண்ணிலிருந்து எடுத்த, சுற்றுவட்டார ஊர்களின் தினக்கூலிப் பெண்களின் பெயர் எந்தப் பேழையின் பக்கத்திலும் ஏறுவதில்லை.

ஒரு பைசாப் பத்திரிகையும் அன்று புதிய ஊடகமே

புதிய ஊடகத்தை நம் முன்னோர் முன்பே கையில் எடுத்திருக்கிறார்கள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19-இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொண்டுவந்தார். ஏடும் பழம்பாடலும் சொல்லின் வேரும் அவருக்குச் சான்றுகள். பறையர் என்று இழிவுபடுத்தப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்று அவர் வாதிட்டார். அவருடைய ஒவ்வொரு முடிவையும் இன்றைய ஆய்வு ஏற்கிறதா என்பது தனி விவாதம். நம்மைப் பற்றிய விளக்கத்தை நாமே எழுதுவோம் என்று மலிவான அச்சை ஆயுதமாக்கியதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. பண்டிதர் 1914-இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999-இல்தான். இடையில் 85 ஆண்டுகள். எங்கோ சிலர் பழைய இதழ்களைப் பெட்டியில் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் அவர் நமக்குத் திரும்பக் கிடைத்தார். வெளியிடுவது பாதி வேலை, காத்து வைப்பது மீதி வேலை.

பிற நாட்டில் செய்தவர்கள்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றொரு பகுதி. 1966-இல் அதை வெள்ளையருக்கு மட்டும் என்று நிறவெறி அரசு அறிவித்தது. பின் வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேரை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். 1994 டிசம்பரில் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். தரை முழுக்கப் பழைய தெருக்களின் வரைபடம். வெளியேற்றப்பட்டவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். அங்கே முதல் குறிப்பை எழுதியவர்கள் அந்த மக்களே. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட நம் உறவினர்களை நினைத்தால், இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவின் வருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவாக்கிய ‘முக்குர்ட்டு’ என்ற மென்பொருள் இன்னொரு வழி. எந்தப் படத்தை யார் பார்க்கலாம், எதை வெளியே காட்டக்கூடாது என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்து, பொருளோடு சேர்த்துக் குறித்து வைக்கிறது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடுவதே சனநாயகம் என்று நமக்குச் சொல்லித்தருகிறார்கள். பார்க்கப்படுகிறவருக்கும் அதில் ஒரு சொல் உண்டு என்பதை இந்த மக்கள் சொல்கிறார்கள்.

வடசென்னையில் நாம் தொடங்கக்கூடியது

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்தால்தான் ஒன்று பொதுவாகத் தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு. ஆகவே தோண்டுவதும் சிலை, காசு சேர்ப்பதும் நம் வேலையல்ல. கட்டட வேலையில் பழம்பொருள் ஏதும் வந்தால் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்ல வேண்டும். ஆனால் நூறாண்டு நிரம்பாத நம் பொருள்கள் எந்தச் சட்டத்தின் நிழலிலும் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது 1983-இல். அதன்பின் கொக்கிக்கு வேலை குறைந்தது. நூறு வயதாகும்வரை காத்திருந்தால் அவை எல்லாம் பழைய இரும்புக் கடை வழியே உருக்காலைக்குப் போயிருக்கும்.

இரண்டாவது, பதிவு. ஒரு தெருவுக்கு இரண்டு மாணவர்கள் போதும். பொருளை அளவுகோலோடு படமெடுங்கள். முடிந்தால் முப்பரிமாணமாக எடுங்கள். அதைப் புழங்கியவரின் குரலைப் பதிவு செய்யுங்கள். அவர் சொல்லும் தொழிற்சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பொருளை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம்.

மூன்றாவது, குறிப்பு. வழக்கமான கட்டங்களோடு நான்கு கட்டங்கள் கூட்டுவோம்: செய்தவர் யார், புழங்கியவர் யார், இதனால் யாருக்கு என்ன நேர்ந்தது, இந்தக் குறிப்பை எழுதியவர் யார். நமக்குக் கசப்பானதையும் எழுத வேண்டும். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததை எல்லாரும் பெருமையோடு சொல்கிறோம். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதியால் பிளந்து, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையானதையும் அதே குறிப்பில் சொல்ல வேண்டும்.

நான்காவது, ஒப்புதல். முகம் காட்டலாமா, பெயர் சொல்லலாமா, சாதியைக் குறிப்பிடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பின்னாளில் நீக்கச் சொன்னால் மறு பேச்சில்லாமல் நீக்குங்கள். ஒரு காணொளியின் கீழே எப்படிப்பட்ட வசவு வந்து விழும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஐந்தாவது, காப்பு. யூடியூபும் இன்ஸ்டாகிராமும் நோட்டீஸ் ஒட்டும் சுவர்கள். சுவர் வேறொருவருடையது, நாளைக்கே வெள்ளையடித்துவிடுவார். மூலக் கோப்புகளை மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றில் ஒன்று அச்சில் இருக்கட்டும்.

ஆறாவது, கேட்பது. எழும்பூரில் இருக்கும் கொசஸ்தலையாற்றுக் கற்கருவிகளின் முப்பரிமாணப் பதிவுகளை எண்ணூர், திருவொற்றியூர் அரசுப் பள்ளிகளுக்குத் தர வேண்டும். திருவொற்றியூர்க் கல்வெட்டுகளை இன்றைய தமிழில், கியூஆர் குறியீட்டோடு அந்த இடத்திலேயே வைக்க வேண்டும். அகழாய்வில் உழைத்தவர்களின் பெயர் அருங்காட்சியகச் சுவரில் ஏற வேண்டும். இவை சலுகைகள் அல்ல. அந்தச் சேகரிப்புகள் நம் வரிப்பணத்தில் இருப்பவை.

அரசு அருங்காட்சியகங்களை ஒதுக்கிவிட்டு நமக்கென்று ஒரு மூலையில் தனியாக வைத்துக்கொள்வோம் என்று நாங்கள் சொல்லவில்லை. கீழடியும் அத்திரம்பாக்கமும் நம்முடையவை. அங்கே போய்ப் பார்ப்போம், கேள்வி கேட்போம். இங்கே நம் கையில் இருப்பதையும் பதிவு செய்வோம். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் ஆற்றின் இரு முனைகளும் ஒரே வரலாற்றில் சேரும்.

தோழரின் கொக்கியை அரங்கின் வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். ‘தொடாதே’ என்ற பலகை இல்லை. அவர் மகளும் அவரோடு வேலை பார்த்த இரண்டு பெரியவர்களும் சேர்ந்து சொல்ல, மாணவர்கள் எழுதிய குறிப்பு பக்கத்தில் இருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறார்கள்:

‘மூட்டை தூக்கும் கொக்கி. இரும்பு, மரம். துறைமுகத்தில் பல ஆண்டுகள் புழங்கியது. இதைப் பிடித்த கையில் இரண்டு விரல் மடங்காது. இதே கையால்தான் அவர் வாசகசாலைப் பதிவேடும் எழுதினார். கையில் எடுத்துப் பார்க்கலாம்.’

போகும்போது ஒவ்வொருவரும் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று வந்து சொல்லுங்கள்.